நென்ஷூ 66 லட்சம் யென்: பேரம் பேச வேண்டியது எந்த எண்ணில்?

கேள்வி: எனக்கு வயது 32. பி.இ. முடித்து மென்பொருள் துறையில் 9 ஆண்டு அனுபவம். கடைசி 4 ஆண்டாக டோக்கியோவில், ஓர் இந்திய ஐ.டி. நிறுவனத்தின் ஜப்பான் கிளையில் வேலை. மாதம் 4,80,000 யென், போனஸ் இல்லை. ஓவர்டைம் செய்தால் தனியே தருகிறார்கள். சராசரியாக மாதம் 10 மணி நேரம் வரும். ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 முடித்திருக்கிறேன். கவாசாகியில் உள்ள ஒரு ஜப்பானிய உற்பத்தி நிறுவனம் ஏஜென்ட் வழியாக ஆண்டுக்கு 66.7 லட்சம் யென் தருவதாகச் சொல்கிறது. அடிப்படைச் சம்பளம் 3,30,000. அதில்லாமல் 45 மணி நேர மினாஷி ஸங்யோ 1,16,000. போனஸ் அடிப்படையில் 4 மாதம். நாளுக்கு 8 மணி நேர வேலை, ஆண்டு விடுமுறை 125 நாள். அக்டோபர் 1 சேர வேண்டும். சென்னையில் கம்பெனி மாறினால் 30 சதவீதமாவது ஏறும். இங்கே 16 சதவீதம்தான் வருகிறது. 75 லட்சம் கேட்கலாமா? இப்போதைய சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் கண்டுபிடிப்பார்களா? நிரந்தர வசிப்புரிமைக்கும் விண்ணப்பிக்க எண்ணம். இந்தச் சம்பளம் அதற்கு உதவுமா?
— வாசகர், எடோகாவா வட்டம், டோக்கியோ

பதில்: ஆஃபரின் உட்பிரிவையும் சேர்த்து எழுதினீர்களே, அதுவே பாதி வேலை. பலர் ‘நென்ஷூ (ஆண்டுச் சம்பளம்) இவ்வளவு’ என்ற ஒற்றை எண்ணோடு வந்து ‘சரியா, தவறா’ என்று கேட்பார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது.

முதலில் உங்கள் 16 சதவீதத்தைச் சரிபார்ப்போம். 57.6 லட்சத்துக்கும் 66.7 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் 16 சதவீதம் என்கிறீர்கள். ஆனால் ஒரு பக்கத்தில் ஓவர்டைம் சேரவில்லை, மறுபக்கத்தில் 45 மணி நேர ஓவர்டைம் ‘மினாஷி ஸங்யோ’ என்ற பெயரில், செய்தாலும் செய்யாவிட்டாலும் தரும் தொகையாக உள்ளேயே அடங்கியிருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டுமானால் ஒரு மணி நேரக் கூலிக்கு இறங்கியாக வேண்டும்.

ஆண்டு விடுமுறை 125 நாள் என்றால் வேலை நாள் 240. மாதத்துக்கு 160 மணி நேரம். இப்போதைய இடத்திலும் அதே கணக்கு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 4,80,000-ஐ 160-ஆல் வகுத்தால் மணிக்கு 3,000 யென். சட்டப்படி ஓவர்டைமுக்கு 25 சதவீதம் கூடுதல், ஆக 3,750. புதிய இடத்தில் 3,30,000-ஐ 160-ஆல் வகுத்தால் 2,062; ஓவர்டைம் மணிக்கு சுமார் 2,578. அதை 45-ஆல் பெருக்கினால்தான் ஆஃபரில் உள்ள 1,16,000 வருகிறது. கணக்கில் அவர்கள் ஏமாற்றவில்லை. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு இப்போது கிடைப்பதைவிடக் குறைந்த விலை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது ஒப்பிடுங்கள். மாதம் 10 மணி நேர ஓவர்டைமோடு இன்றைய வேலையில் உங்களுக்கு ஆண்டுக்கு வருவது 62.1 லட்சம். உயர்வு 16 சதவீதம் அல்ல, ஏழரை. புதிய இடத்திலும் மாதம் 10 மணி நேரமே கூடுதல் வேலை இருந்தால் லாபம் உங்களுக்கு. 45 மணி நேரம் செய்யாவிட்டாலும் அந்த 1,16,000-ஐக் குறைக்க முடியாது. அங்கே நிஜமாகவே 45 மணி நேரம் ஓடுகிறது என்றால் கதை தலைகீழ். அதே 45 மணி நேரத்தை இன்றைய வேலையில் செய்தால் 77 லட்சத்தைத் தாண்டுவீர்கள், அங்கே 66.7-தான். இரண்டும் சமமாகும் இடம் மாதம் 20 மணி நேரம். அதற்குக் கீழே ஆஃபர் நல்லது, மேலே போனால் இருக்கிற வேலையே நல்லது.

ஆகவே சம்பளப் பேச்சுக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘நான் சேரப்போகும் பிரிவில் கடந்த ஓராண்டில் ஒருவருக்கு மாதச் சராசரி ஓவர்டைம் எவ்வளவு?’ நிறுவனம் முழுவதற்குமான சராசரியைச் சொல்லி நழுவுவார்கள். தொழிற்சாலை ஊழியர்களும் அலுவலகத்தாரும் கலந்த அந்த எண்ணால் உங்களுக்குப் பயனில்லை. பிரிவின் எண்தான் வேண்டும், கூடவே அதிகபட்சம் போன மாதம் எது என்பதும். நேர்முகத்தில் மேலாளரிடம் இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவர் தயங்கித் தயங்கிச் சொல்லும் எண்ணோடு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

45 என்ற எண் தற்செயலாக வந்ததில்லை. வேலைச் சீர்திருத்தச் சட்டப்படி ஓவர்டைமுக்குப் பொதுவான உச்சவரம்பு மாதம் 45 மணி நேரம், ஆண்டுக்கு 360. பெரிய நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலிலும் இது அமலுக்கு வந்தது. மாதாமாதம் 45 என்று செய்தால் ஆண்டுக்கு 540 ஆகிவிடும், அது பொதுவரம்பை மீறியது. எனவே 45 மணி நேரத்தை உள்ளே அடைத்திருப்பதன் நோக்கம் பெரும்பாலும் அத்தனை நேரமும் வேலை வாங்குவது அல்ல. ஆண்டுத் தொகையைப் பெரிதாகக் காட்டி, அடிப்படையைச் சிறிதாக வைப்பது. ஒப்பந்தத் தாளில் மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: மினாஷி தொகை எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு, அதைத் தாண்டினால் தாண்டிய நேரத்துக்குத் தனியே பணம் உண்டு என்ற வரி. மூன்றாவது வரி இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடிப்படைச் சம்பளம் சின்னதாக இருந்தால் என்ன, மொத்தம் வந்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது. போனஸ் அடிப்படையின் மடங்காகத்தான் கணக்கிடப்படுகிறது. ஓவர்டைம் மணிக்கூலி அதிலிருந்துதான் வருகிறது. பல நிறுவனங்களில் பணிக்கொடையும் அதையொட்டியே நடக்கிறது. ஆண்டு உயர்வு 5 சதவீதம் என்றால் அந்த 5 சதவீதமும் அடிப்படையின் மீதுதான். ரெங்கோ தொழிற்சங்கக் கூட்டமைப்பின் இறுதிக் கணக்குப்படி 2024 வசந்தகாலப் பேச்சுவார்த்தையில் சராசரி உயர்வு 5.10 சதவீதம், 33 ஆண்டுகளில் 5-ஐத் தாண்டியது அதுவே முதல்முறை. 2025-இல் 5.25. இந்த அலையில் பலன் பெறுபவர் அடிப்படை உயரமாக உள்ளவர். (அக்டோபரில் சேர்பவருக்கு அடுத்த ஏப்ரல் உயர்வு உண்டா என்று மறக்காமல் கேளுங்கள். மதிப்பீட்டுக் காலம் போதவில்லை என்று ஓராண்டு தள்ளும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது.)

உங்கள் ஆஃபரையே எடுத்துக்கொண்டால், அடிப்படையில் ஒரு யென் கூடினால் ஆண்டுத் தொகையில் 20 யென்னுக்குச் சற்று மேல் கூடுகிறது. 12 மாத அடிப்படை, அதன் மேல் ஏறும் மினாஷி, 4 மாத போனஸ் எல்லாம் சேர்ந்து அந்த 20. அடிப்படையை 3,30,000-லிருந்து 3,50,000 ஆக்கினால் ஆண்டுத் தொகை 70.7 லட்சம். மாதம் 20,000 யென் என்பது மனிதவள அதிகாரிக்குப் பெரிய தொகையாகத் தெரியாது. ‘ஆண்டுக்கு 4 லட்சம் கூட்டுங்கள்’ என்றால் அதே தொகை பெரிதாகத் தெரியும்.

75 லட்சம் வேண்டுமானால் அடிப்படை 3,71,000 ஆக வேண்டும். ஜப்பானிய உற்பத்தி நிறுவனங்களில் சம்பளம் தர அட்டவணையில் ஓடும். ஒவ்வொரு தரத்துக்கும் கீழ்வரம்பு, மேல்வரம்பு உண்டு. ஒரே தரத்துக்குள் சில படி ஏற்றுவதை மனிதவளப் பிரிவு தானே செய்துவிடும். அடுத்த தரத்துக்குத் தள்ளுவது என்றால் பிரிவுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், சிலவேளை மறு நேர்முகமும். 3,50,000 முதல் வகையில் அடங்க வாய்ப்பு அதிகம். 3,71,000 பெரும்பாலும் இரண்டாம் வகை. என் கருத்தில் 3,50,000 கேட்பது நியாயம். 75 லட்சம் கேட்டு மறுக்கப்பட்டால் அதன் பிறகு 70-க்கு இறங்கிப் பேசும் பழக்கம் இங்கே இல்லை. ஒருமுறைதான் கேட்கலாம்.

தரம் ஏற்றித் தருகிறோம் என்று அவர்களே முன்வந்தால் இன்னொரு எச்சரிக்கை. ஏறும் தரம் ‘கன்ரிஷோகு’, அதாவது நிர்வாகப் பதவி என்றால் ஓவர்டைம் பணம் நின்றுவிடும். இரவு 10 மணிக்கு மேல் வேலைக்கான கூடுதல் மட்டும் மிஞ்சும். ஆள் எடுக்கவோ நேரத்தைத் தீர்மானிக்கவோ அதிகாரமில்லாத பெயரளவு மேலாளருக்கு இது செல்லாது என்று 2008 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸ் கடை மேலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் வழக்குப் போட்டு வாங்கும் சம்பளம் ஒரு சம்பளமா? சேரும்முன்பே கேட்டுவிடுங்கள்.

தொகை கூட்ட மறுத்து, அமைப்பை மாற்ற ஒப்புக்கொண்டால் மினாஷி நேரத்தைக் குறைக்கச் சொல்லலாம். அடிப்படை 3,60,000, மினாஷி 20 மணி நேரம் என்று வைத்தால் ஆண்டுத் தொகை 64.3 லட்சம்தான், தாளில் குறைவாகத் தெரியும். மாதம் 30 மணி நேரம் வேலை செய்பவருக்கோ கைக்கு வருவது 67.7 லட்சம். 10 மணி நேரமே வேலை என்றால் இந்த மாற்றம் உங்களுக்கு நஷ்டம். பிரிவின் நிஜ ஓவர்டைம் தெரியாமல் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது இதற்காகத்தான்.

இனி யாரும் வாய்திறந்து சொல்லாத முதலாண்டு விஷயம். 66.7 லட்சம் என்பது ஓராண்டு முழுதும் இருந்தவருக்கான கணக்கு. பல நிறுவனங்களில் டிசம்பர் போனஸ் ஏப்ரல்–செப்டம்பர் உழைப்புக்கானது, கோடை போனஸ் அக்டோபர்–மார்ச்சுக்கானது. அக்டோபர் 1 சேர்ந்தால் இந்த டிசம்பரில் கிடைப்பது பூஜ்யம், அல்லது கௌரவத்துக்கு ஒரு சிறு தொகை. அடுத்த கோடையில் 2 மாத போனஸ் 6.6 லட்சம் வரும். ஆக, சேர்ந்த முதல் 12 மாதத்தில் உங்கள் கைக்கணக்கு 60.1 லட்சம், இன்றைய 62.1 லட்சத்தைவிடக் குறைவு. இதைச் சரிகட்ட, சேரும்போது ஒருமுறைத் தொகை தர முடியுமா என்று கேட்கலாம். அடிப்படையைக் கூட்ட மறுக்கும் நிறுவனங்கள்கூட இதற்குச் சிலவேளை இசைவார்கள். தர அட்டவணை கலையாது, ஒருமுறைச் செலவோடு முடிந்துவிடும். உங்களுக்குப் பழைய இடத்தில் போனஸ் இல்லை என்பது இங்கே வசதி. போனஸ் உள்ளவர்கள் அது கணக்கில் ஏறிய பிறகே ராஜினாமா கொடுக்க வேண்டும். வழங்கும் நாளில் பணியில் இருப்பவருக்கே போனஸ் என்ற விதி பெரும்பாலான நிறுவனங்களில் உண்டு.

சென்னையின் 30 சதவீதத்தை இங்கே அளவுகோலாக வைக்காதீர்கள். ஜப்பான் தொழிலாளர் நல அமைச்சகத்தின் 2023 ஆய்வில், வேலை மாறியவர்களில் சம்பளம் கூடியவர்கள் சுமார் 37 சதவீதம். குறைந்தவர்கள் சுமார் 32 சதவீதம். எல்லா வயதினரும் துறையினரும் அதில் அடக்கம். மென்பொருள் ஆட்களுக்கு நிலைமை இதைவிட மேல்தான். இருந்தாலும் ‘மாறினாலே ஏறும்’ என்ற நம்பிக்கை இந்த ஊர் மனிதவள அதிகாரியிடம் கிடையாது. ஏன் ஏற்ற வேண்டும் என்பதற்கு நீங்கள்தான் காரணம் காட்ட வேண்டும்.

ரூபாயில் மாற்றிப் பார்ப்பதும் வேண்டாம். 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 161 யென் வரை சரிந்த நாணயம் இது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் யென்னில் போகிறவருக்கு அந்தக் கணக்கு மனவருத்தம்தான் தரும். ஊருக்குப் பணம் அனுப்பும் பங்குக்கு மட்டும் அதைப் பாருங்கள்.

இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வது பற்றி. கண்டுபிடிப்பார்கள், அதுவும் நீங்களே கொடுக்கும் தாளிலிருந்து. பழைய நிறுவனம் விலகும்போது தரும் ‘கென்ஸென் சோஷூஹ்யோ’ என்ற வரிப் பிடித்தச் சான்றில் ஜனவரி முதல் செப்டம்பர் வரை உங்களுக்கு உண்மையில் கொடுத்த தொகை இருக்கும். டிசம்பரில் புதிய நிறுவனம் உங்கள் வருமான வரியை நேர் செய்ய அந்தத் தாள் வேண்டும். 9 மாதத் தொகையை 12 மாதத்துக்கு விரித்துப் பார்க்கச் சம்பளப் பிரிவு ஊழியருக்கு அரை நிமிடம் போதும். அதைக் கொடுக்காமல் ‘நானே தாக்கல் செய்துகொள்கிறேன்’ என்று தப்பித்தாலும், அடுத்த ஆண்டு குடியிருப்பு வரிக்கணக்கு நகராட்சியிலிருந்து நிறுவனத்துக்குத்தான் போகும். ஆஃபர் கட்டத்திலேயே சில இடங்களில் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள். பொய் என்று தெரிந்தால் நைதெய், அதாவது வேலை உறுதி, ரத்தாகலாம். சேர்ந்தபின் தெரிந்தால் சோதனைக் காலத்தில் வேலையிலிருந்து நீக்க அதுவே காரணமாகலாம்.

பொய் சொல்லத் தேவையும் இல்லை. ஏஜென்டிடம் நீங்கள் 57.6 லட்சம் என்று சொல்லியிருப்பீர்கள். ‘ஓவர்டைம் உட்பட கடந்த 12 மாத வருமானம் 62.1 லட்சம்; அதில் அடிப்படை மாதம் 4,80,000’ என்று திருத்திச் சொல்லுங்கள். இது உண்மை, தாளிலும் இருக்கும். ‘என் அடிப்படை 4,80,000, உங்களுடையது 3,30,000’ என்ற ஒப்பீடே உங்கள் வலுவான வாதம். இன்னொன்று: ஏஜென்டின் படிவத்தில் இப்போதைய சம்பளம், எதிர்பார்ப்பு, குறைந்தபட்சம் என்று மூன்று கட்டம் இருந்திருக்கும். மூன்றாவதில் 66 என்று எழுதியிருந்தால் 66.7 வந்ததில் ஆச்சரியமில்லை. அந்தக் கட்டத்தில் எழுதும் எண்ணைப் பெரும்பாலும் அப்படியே நிறுவனத்திடம் சொல்லிவிடுவார்கள்.

ஏஜென்ட் உங்கள் எதிரியும் இல்லை, வக்கீலும் இல்லை. அவருக்கான கட்டணம் நிறுவனம் கொடுப்பது. உங்கள் முதலாண்டுச் சம்பளத்தில் 30 முதல் 35 சதவீதம் என்பது வழக்கம். (வேலை தேடுபவரிடம் கட்டணம் கேட்கும் ஏஜென்ட் என்றால் அங்கேயே விலகுங்கள், சில விதிவிலக்கு தவிர சட்டம் அதை அனுமதிப்பதில்லை.) உங்களுக்கு 4 லட்சம் கூடினால் அவருக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் கூடும். பேச்சு முறிந்தால் அவருக்கு 20 லட்சத்துக்கு மேல் போய்விடும். அதனால் ‘இதுவே நல்ல ஆஃபர், கையெழுத்துப் போடுங்கள்’ என்று அவசரப்படுத்துவார். அவசரப்படாமல், அவர் நிறுவனத்துக்கு அப்படியே அனுப்பக்கூடிய ஒரு மின்னஞ்சல் எழுதிக் கொடுங்கள். சாரம் இவ்வளவு போதும்: இந்த நிறுவனத்தில் சேரவே விரும்புகிறேன், இப்போதைய அடிப்படை 4,80,000, ஓவர்டைம் உட்பட ஆண்டு வருமானம் 62.1 லட்சம், அக்டோபரில் சேர்வதால் குளிர்கால போனஸ் இல்லை, அடிப்படைச் சம்பளத்தை 3,50,000 ஆகப் பரிசீலிக்க வேண்டுகிறேன், அது இயன்றால் இந்த வாரமே சம்மதம் தெரிவிக்கிறேன். கடைசி வரி முக்கியம். கூட்டிக் கொடுத்தபிறகும் நழுவுவாரோ என்ற பயம்தான் மனிதவளப் பிரிவின் கையைக் கட்டுகிறது. கையில் இல்லாத வேறு ஆஃபரைக் காட்டி மிரட்ட வேண்டாம். தாளைக் காட்டு என்றால் முடிந்தது. இதையெல்லாம் சம்மதம் சொல்வதற்கு முன் முடிக்க வேண்டும். சம்மதித்தபின் சம்பளம் பேசுவதை இங்கே சொல் தவறுவதாகத்தான் பார்ப்பார்கள்.

நிரந்தர வசிப்புரிமைக்கு வருகிறேன். இங்குதான் அந்த 20,000 யென் தன் முழு மதிப்பைக் காட்டுகிறது. சாதாரண வழியில் 10 ஆண்டு வசிக்க வேண்டும். உயர்திறன் புள்ளி அட்டவணையில் 70 புள்ளி இருந்தால் 3 ஆண்டு, 80 இருந்தால் ஓராண்டு. உங்கள் கணக்கு இது: வயது 30–34-க்கு 10, இளநிலைப் பட்டத்துக்கு 10, 7 ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவத்துக்கு 15, என்2-க்கு 10, இதுவரை 45. ஆண்டுச் சம்பளம் 60 லட்சத்துக்கு மேல் என்றால் 20 சேர்ந்து 65. 70 லட்சம் என்றால் 25 சேர்ந்து சரியாக 70. அதாவது 66.7 லட்சத்தில் நீங்கள் வாசலுக்கு வெளியே, 70.7 லட்சத்தில் உள்ளே. 3 ஆண்டு கழித்து விண்ணப்பிக்கும்போதும் 70 இருக்க வேண்டும். அப்போது வயது 35 ஆவதால் 5 புள்ளி போகும். அனுபவம் 10 ஆண்டைத் தாண்டுவதால் 5 வரும். கணக்கு நிற்கிறது, ஆனால் விளிம்பில். என்1 எழுதி முடித்தால் இன்னும் 5 கிடைக்கும். அந்த மூச்சுவிடும் இடம் உங்களுக்கு வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம். புள்ளிக்குக் கணக்கில் வருவது வரவிருக்கும் உறுதியான சம்பளம். மாதாமாதம் செய்யும் நேரத்துக்கேற்ப மாறும் ஓவர்டைம் பணமும் பயணப்படியும் அதில் சேராது. 70.7 லட்சத்தில் கிட்டத்தட்ட 15 லட்சம் மினாஷி என்பதால், உங்கள் ஒப்பந்தத்தின் வாசகத்தை வைத்து விசாப் பணி பார்க்கும் ஒரு கியோசெய் ஷோஷியிடம் கையெழுத்துக்கு முன்பே காட்டிவிடுங்கள். மினாஷியைக் குறைத்து அடிப்படையைக் கூட்டிக் கேட்க இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, இந்த 3 ஆண்டு வழிக்கு உயர்திறன் விசாவையே எடுத்தாக வேண்டும் என்பதில்லை. புள்ளி இருப்பதை நிரூபித்தால் போதும். உயர்திறன் 1-ஆம் வகை விசா குறிப்பிட்ட நிறுவனத்தோடு கட்டப்பட்டது. மறுபடி வேலை மாறினால் புதிதாக மாற்ற விண்ணப்பம் போட்டு, அனுமதி வந்தபிறகே சேர முடியும்.

உங்கள் ஸைர்யூ கார்டை (வசிப்பு அட்டை) இப்போதே எடுத்துப் பாருங்கள். ‘கிஜின்கொகு’, அதாவது பொறியாளர்–மனிதவியல்–சர்வதேச சேவை என்று இருந்தால், அதே வகை வேலைக்கு மாற முன் அனுமதி தேவையில்லை. விலகியதையும் சேர்ந்ததையும் 14 நாளுக்குள் குடிவரவு முகமைக்குத் தெரிவித்தால் போதும். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் பலரிடம் ‘நிறுவனத்துக்குள் இடமாற்றம்’ என்ற வகை இருக்கும். அதை வைத்துக்கொண்டு வேறு நிறுவனத்தில் ஒருநாள்கூட வேலை செய்ய முடியாது. வகை மாற்றம் கிடைத்தபிறகுதான் சேரலாம். அக்டோபர் 1 என்ற தேதியே அப்போது கேள்விக்குறி.

இடமாற்ற ஊழியர் என்றால் சம்பளச் சீட்டில் ‘கோசெய் நென்கின்’ (ஊழியர் ஓய்வூதியம்) பிடித்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியா–ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரில் அமலானது, இந்தியாவில் பி.எஃப். தொடர்வதற்கான சான்றிதழ் இருந்தால் 5 ஆண்டு வரை இங்கே ஓய்வூதியப் பிடித்தம் இல்லை. புதிய நிறுவனம் உங்களை இங்கேயே நியமிப்பதால் அந்தச் சலுகை போய்விடும். பிடித்தம் 9.15 சதவீதம், உங்கள் சம்பளத்துக்கு மாதம் 40,000 யென் சுற்றி, போனஸிலும் அதே விகிதம். ஆண்டுத் தொகை ஏறியும் கைக்கு வருவது குறைந்ததே என்று திகைப்பவர்கள் பெரும்பாலும் இந்த வகையினர். ஏற்கெனவே பிடித்தம் இருந்தால் கவலையில்லை. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, இரண்டு வரி எல்லாம் போக ஆண்டுத் தொகையில் நான்கில் மூன்று பங்கு கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். 40 வயதானால் முதியோர் பராமரிப்புக் காப்பீடும் சேரும்.

பணமாகத் தெரியாத இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுப்படி என்று கையில் தரும் பணத்துக்கு வரி உண்டு. நிறுவனமே வீட்டை வாடகைக்கு எடுத்து உங்களிடம் ஒரு பங்கு மட்டும் பிடித்தால், உரிய விகிதத்தில் பிடிக்கும்வரை மீதிக்கு வரி இல்லை. உற்பத்தி நிறுவனங்களில் இந்த ஏற்பாடு அதிகம், ஆனால் வயது வரம்போ ஆண்டு வரம்போ இருக்கும். அடுத்தது விடுப்பு. சட்டப்படி 6 மாதம் முடிந்தபிறகுதான் 10 நாள் ஊதிய விடுப்பு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் 6 மாதம் சம்பளம் வெட்டுப்படும். சேர்ந்த நாளிலேயே சில நாள் தரும் நிறுவனங்கள் நிறைய உண்டு, கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் பேசி முடிந்ததும் ‘ரோதோ ஜோக்கென் ட்சூச்சிஷோ’, அதாவது வேலை நிபந்தனைகளை எழுதித் தரும் தாள், கைக்கு வரும்வரை ராஜினாமா கொடுக்கக் கூடாது. வாய்மொழி நைதெய், ஏஜென்டின் மின்னஞ்சல் எதுவும் அதற்கு ஈடாகாது. அதில் அடிப்படை, மினாஷி, போனஸ் மாதம், சோதனைக் காலத்தில் சம்பளம் குறைகிறதா, 2024 ஏப்ரல் முதல் கட்டாயமான பணியிட–பணி மாற்ற எல்லை ஆகியவற்றைப் பாருங்கள். ‘நிறுவனம் குறிப்பிடும் எல்லா இடமும்’ என்று இருந்தால் கவாசாகி ஆள் ஒருநாள் வேறு மாவட்டத்துத் தொழிற்சாலையில் இருக்கலாம். போனஸ் எதிரே ‘செயல்பாட்டைப் பொறுத்து’ என்றுதான் எழுதியிருப்பார்கள். கடந்த மூன்றாண்டில் உண்மையில் எத்தனை மாதம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

ராஜினாமாவுக்கு நிரந்தர ஊழியர் இரண்டு வாரம் முன்பு சொன்னால் குடிமைச் சட்டப்படி போதும். நிறுவன விதிகள் பெரும்பாலும் ஒரு மாதம் கேட்கும். மீதமுள்ள விடுப்பைப் பணமாகத் தர நிறுவனத்துக்குக் கடமையில்லை. அதனால் ஆகஸ்ட் முதல் பாதியிலேயே சொல்லி, செப்டம்பரில் விடுப்பைத் தீர்த்துவிடுங்கள். கடைசி நாளாக செப்டம்பர் 30-ஐயே எழுதுங்கள், 29 அல்ல. 30 என்றால் செப்டம்பர் மாதக் காப்பீடும் ஓய்வூதியமும் பழைய நிறுவனத்தின் கணக்கில் போகும், அக்டோபர் 1 முதல் புதியதில். 29 என்றால் அந்த ஒரு நாள் இடைவெளிக்காக செப்டம்பர் மாதத் தேசிய மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் நீங்களே வட்ட அலுவலகத்தில் பதிந்து கட்ட வேண்டும். ‘29-ஆம் தேதியாகப் போட்டால் உங்கள் கடைசிச் சம்பளத்தில் பிடித்தம் இருக்காது’ என்று நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். அதைக் கட்ட மறந்தோ தாமதமாகவோ கட்டினால், 3 ஆண்டு கழித்து நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்தில் கேட்கும் ஓய்வூதிய, காப்பீட்டுக் கட்டணப் பதிவில் அந்த ஒரு மாதம் தனியே தெரியும். குடியிருப்பு வரியை இரு நிறுவனங்களும் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளச் சொல்லிப் படிவம் கேளுங்கள். இல்லாவிட்டால் சீட்டு வீட்டுக்கு வரும், கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள்.